கரைக்கு மண் சுமந்தவர்கள்

நம் நாட்டு ஐதிகங்களில் கூடையில் மண் சுமக்கும் வேலை இருவேறு கோலங்களில் தோன்றுகின்றது. காவிரிக்குக் கரை எடுப்பித்த கரிகாலன், தன் அடி பணிந்த சிற்றரசர்களையே அந்த வேலைக்கு ஏவினான் என்று கலிங்கத்துப்பரணி கூறுகின்றது. தெலுங்கு நாட்டில் ஆண்ட சோழர் வழியினரின் மாலேபாடு செப்பேடும் அதே செய்தியைத் தன் போக்கில் பேசுகின்றது. ஈழத்து ராஜாவலியம் என்னும் நூலோ, சோழ மன்னன் ஒருவன் இலங்கையிலிருந்து 12,000 பேரைச் சிறைபிடித்துச் சென்று காவிரிக் கரையில் வேலை வாங்கினான் என்று மனம் நொந்து எழுதுகின்றது. இவற்றிலெல்லாம் மண் சுமப்பது தோற்றவன் தலையில் ஏற்றப்பட்ட தண்டனை. வைகைக் கரைக்கு வந்தால் கதை தலைகீழாகின்றது. அங்கே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டவர் சோமசுந்தரக் கடவுள். அவரை ஏவியவளோ பிட்டு விற்றுப் பிழைத்த, துணையற்ற கிழவி ஒருத்தி. ஒரே வேலை ஓரிடத்தில் அவமானமாகவும் மற்றோரிடத்தில் அருளாகவும் காட்சியளிப்பதற்குக் காரணம் யாது என்ற கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, ஏரிகளாலும் கண்மாய்களாலும் வாழ்ந்த இந்நாட்டின் மண்வேலைச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பது பயனுள்ள காரியமாகும்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலத்தை வாசிப்போர் இறைவனின் திருவிளையாட்டிலேயே உள்ளம் கரைந்துவிடுவதால், அதனுள் பொதிந்து கிடக்கும் ஊர் வழக்கத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வைகையில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தபோது, அரிமர்த்தன பாண்டியனின் ஏவலர் உடைப்பை அளந்து, குடிகளுக்கு இன்னார் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கின்றனர். வந்தி என்னும் அக்கிழவிக்கும் விலக்கு இல்லை. தானே செய்ய இயலாவிடில் கூலியாள் வைத்தேனும் தன் பங்கை அடைத்தாக வேண்டும். ஆள் கிடைக்காமல் அவள் தவிக்கும்போது, கிழிந்த ஆடையும் தலையில் சும்மாடும் தோளில் மண்வெட்டியுமாக ஒருவர் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகத் தந்தால் போதும் என்று வேலையை ஏற்கின்றார். பிறகு அவர் ஆடுவதும் பாடுவதும் உறங்குவதும், வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடப்பதும், அரசன் சினந்து பிரம்பால் அடிப்பதும், அந்த அடி அரசன் உட்பட எல்லா உயிர்களின் முதுகிலும் விழுவதும் நாம் அறிந்தவையே. பங்கு அளத்தல், பதிலாள் வைத்தல், கூலி பேசுதல், கண்காணித்தல், தவறியவனைத் தண்டித்தல் ஆகிய அனைத்தும் ஒரு கதைக்குள் இத்துணைத் துல்லியமாக வருமாயின், அதைக் கேட்ட ஜனங்கள் அவற்றை நாள்தோறும் கண்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். இன்றும் ஆவணி மூலத்தன்று மதுரையில் சுவாமி வைகைக் கரையின் பிட்டுத்தோப்புக்கு எழுந்தருள்கின்றார்.

அவ்வேலை எத்தகையது என்பதை அறியாமல் அதன் மதிப்பைப் பேசுவது வீண். நம் நாட்டு ஏரி என்பது பெரும்பாலும் தோண்டிய பள்ளமன்று. சரிந்து செல்லும் நிலத்தில் மழைநீரை மறித்து, பிறை வடிவில் நீளக் கிடத்திய மண்கரையே அதன் உயிர்நிலை. பெருகும் தண்ணீர் மேட்டு நிலத்து மண்ணையும் சருகையும் சாணத்தையும் அரித்துக்கொண்டு வந்து ஏரியின் உள்வாயில் படிய விடுகின்றது. கரையோ மழையிலும் அலையிலும் மாட்டுக் குளம்பிலும் எலிவளையிலும் ஆண்டுதோறும் தேய்கின்றது. தூர் ஏற ஏற ஏரி ஆழம் குறைகின்றது. கரை தேயத் தேய நீர்மட்டத்தைத் தாழ்த்த வேண்டியதாகின்றது. ஆகவே ஏரி வெட்டுவித்த மன்னனின் புண்ணியம் ஒரு தலைமுறைக்குக் கூடத் தானாக நில்லாது. பங்குனியிலிருந்து ஆனி வரையுள்ள கோடையில், நீர் வற்றி உள்வாய் வெடித்துக் கிடக்கும் நாட்களில், யாரோ சிலர் இறங்கிச் சேற்றை வெட்டிக் கரையேற்றினால்தான் அந்தப் புண்ணியம் அடுத்த ஆண்டுக்குச் செல்லும்.

வெட்டுகிறவனுக்கு அந்த நிலத்தின் குணம் தெரிந்திருக்க வேண்டும். கரையின் அடிவாரத்தில் மண் எடுத்தால் கரை வழுக்கும் என்பதும், வெறும் மணலைக் கொட்டினால் கசியும் என்பதும், வெறும் களியைக் கொட்டினால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் என்பதும், போட்ட மண்ணை அவ்வப்போது நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்தால்தான் இறுகும் என்பதும் அவன் கையால் கற்ற சாஸ்திரங்கள். மேற்பரப்பு காய்ந்திருக்க, ஒரு முழம் கீழே கருஞ்சேறு நாறும். அதைக் கூடையில் அள்ளிச் சும்மாட்டின்மேல் ஏற்றி, முகத்திலும் மார்பிலும் சேற்றுநீர் வழிய, கரையின் சரிவில் கால் பதித்து ஏறிக் கொட்டிவிட்டு இறங்கி மீண்டும் ஏறுவது பெரும்பாலும் பெண்களின் பங்காக இருந்தது. மதகும் தூம்பும் ஏரி நிறைந்த காலத்தில் வேறொரு சிரமத்தைக் கேட்டன. பழைய ஏரிகளில் நீருக்குள் இரு கல்தூண்களுக்கிடையே அமைத்த குமிழித்தூம்பைத் திறப்பதற்கு ஓர் ஆள் மூச்சடக்கி மூழ்கிக் கல்மூடியை விலக்க வேண்டும். மேல்துளையின் வழியே நீரும், அடியிலுள்ள துளைகளின் வழியே சேறும் கலந்து வயலுக்குப் பாயும். ஏரி தன் தூரைத் தானே ஓரளவு கழித்துக்கொள்ளுமாறு இந்த யுக்தியைக் கண்டவனின் மதிநுட்பத்தை நாம் எவ்வளவு வியந்தாலும் தகும். ஆயினும் ஒவ்வொரு முறையும் இருண்ட நீருக்குள் இறங்கியவன் வேறொருவன் என்பதை மறத்தலாகாது.

சோழர் காலக் கல்வெட்டுகள் இந்தப் பராமரிப்பை எத்துணைக் கவனத்தோடு நடத்தினர் என்பதைக் காட்டுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் தனிக்குழுவைக் குறிப்பிடுகின்றன; குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப்பிரிவுகளிலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்தவர்களுள் அறுவர் ஓராண்டுக்கு ஏரியின் காரியத்தைப் பார்த்தனர். பல ஊர்களில் ஏரி ஆயம் என்று தனி வருவாய் ஒதுக்கப்பட்டது. ஏரிப்பட்டி என்ற பெயரால் நிலம் விடப்பட்டது. நீர் வற்றாத ஏரிகளில் ஓடம் விட்டுச் சேறு வாருவதற்கும் பொன்னும் நெல்லும் வைப்பாக அளிக்கப்பட்டன. தூர் வாருதலை ஒருவன் தன் பெயர் விளங்கச் செய்யும் தருமமாகக் கருதியமை அக்காலத்தாரின் சிறப்பேயாகும்.

எனினும் அந்த உத்திரமேரூர்க் கல்லையே சற்று உற்று நோக்கினால் வேறொன்றும் புலனாகும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேதக் கல்வியும் உடையவனே குடத்தில் ஓலை இடத் தகுதியுடையவன். ஏரியை மேற்பார்த்தவர் இன்னார் என்பதற்கு விதியுண்டு. ஏரிக்குள் இறங்கியவர் இன்னார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. பிற கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் வெட்டி, அமஞ்சி முதலிய கடமைகள், கூலியின்றி வாங்கிய தேக உழைப்பும் அரசுக்கும் ஊருக்கும் உரிய வரிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டதைத் தெரிவிக்கின்றன. பொன் கொடுத்தவன் பெயர் கல்லில் ஏறியது. கூடை சுமந்தவன் பெயர் அவன் குடும்பத்தோடு மறைந்தது. கரிகாலன் காலத்து ஐதிகமும் வந்தியின் ஐதிகமும் ஒரே ஊரின் ஒரே ஏரிக்கரையில் அடுத்தடுத்து வாழ்ந்தன என்றே கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் குடிமராமத்து என்று பெயர் பெற்ற வழக்கம் இவ்விரண்டுக்கும் நடுவே நின்றது. ஏரிப் பாசனத்தால் பயன்பெறும் ஒவ்வொரு நிலக்காரனும் தன் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்ப வேண்டும்; வாய்க்கால் வெட்டுதல், சிறு உடைப்பு அடைத்தல், கரையின் செடிகொடிகளை நீக்குதல், மதகு வாயில் தூர் எடுத்தல் ஆகியவை அந்த ஆட்களின் வேலை. உள்வாயில் எடுத்த வண்டலை வீணாக்குவாரில்லை. பாண்டி நாட்டில் கரம்பை அடித்தல் என்று சொல்லப்படும் வழக்கப்படி, கோடையில் வண்டி பூட்டிக் கண்மாய் மண்ணைக் கொண்டுபோய் வயலில் கொட்டினர். குயவர் தம் சக்கரத்துக்கும் சூளைக்காரர் தம் செங்கல்லுக்கும் அங்கேயே மண் எடுத்தனர். ஏரியின் மீனும் கரையின் மரமும் ஊர்ப் பொதுவில் வருவாயாயின. அதிலிருந்து மராமத்துக்குச் செலவு கிடைத்தது. ஏரிக்குள் இறங்கியவன் திரும்பும்போது தன் நிலத்துக்கு நீரோ எருவோ ஏதேனும் ஒரு பயனைக் கண்கூடாகக் கண்டான். அந்தச் சேறு அவனுக்கு அருவருப்பைத் தராமற்போனதற்கு இதுவே காரணம்.

இந்தச் சித்திரத்தைப் பொற்காலமாகத் தீட்டிவிடலாகாது. நிலக்காரன் அனுப்பிய ஆள் பல இடங்களில் அவனுடைய பண்ணையாளாகவே இருந்தான். மடை திறந்து முறை வைத்துப் பாய்ச்சிய நீர்க்கட்டிகளும் நீர்ப்பாய்ச்சிகளும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து கொடுத்த நெல்லே அவர்கள் ஊதியம். ஊரின் தண்ணீர் முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. யாருடைய வயல் எத்தனை நாழிகை குடிக்கும் என்பதில் அவர்கள் சொல்லை நிலக்காரரும் ஏற்றனர். ஆயினும் அதே ஊரின் குடிநீர்க் கிணற்றில் அவர்கள் வாளியிட முடியாத நிலை இருந்தது. வேலையின்பால் மரியாதை காட்டிக்கொண்டே வேலைக்காரனை விலக்கி வைக்கும் இந்த முரண்பாட்டில் நம் சமுதாயம் பெற்ற பயிற்சி மிகப் பெரிது.

கும்பெனி ஆட்சி வந்தபோது ஏரிகளைப் பார்க்கும் பார்வை மாறிற்று. ஏரி நிறைந்தால் தீர்வை வசூலாகும் என்ற கணக்கு அதிகாரிகளுக்குத் தெரியாததன்று. செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டர் லயனல் பிளேஸ் 1790-களில் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டதும், பெருமழை இரவொன்றில் ராமலட்சுமணர் வில்லேந்திக் கரையைக் காத்து நின்றதாக அவர் கண்டார் என்ற கர்ணபரம்பரையும் யாவரும் கேட்டவையே. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெயர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் சென்னை மாகாணத்தின் 14 ஜில்லாக்களில் 53,000 ஏரிகளும், அவற்றுக்கு 30,000 மைல் நீளக் கரைகளும் இருப்பதாகக் கணக்கிட்டு, அந்த மண்ணைக் கொண்டு பூமியைச் சுற்றி ஆறடிக் கனத்தில் ஒரு சுவரே எழுப்பலாம் என்று வியந்தார். அத்தனை மண்ணும் கூடை கூடையாக மனிதர் தலையில் ஏறி இறங்கியது.

வியப்பு ஒருபுறமிருக்க, வருவாய் முழுவதும் கஜானாவுக்குச் சென்றபின் ஊர்ப் பொதுவில் மராமத்துக்கு எஞ்சியது சொற்பம். பழைய மானியங்களும் வரும்படிகளும் குன்றின. நிலத்தில் உரிமை தனித்தனி ரயத்துடையதாயிற்று. ஏரியோ சர்க்காருடைய சொத்தாயிற்று. தம்முடையதல்லாத ஏரிக்குத் தம் உடம்பால் உழைக்கக் குடிகள் தயங்கியதில் ஆச்சரியம் ஏதுமில்லை. அப்போது அரசு கையாண்ட மருந்து 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ளத்தால் கரை உடையும் அபாயம் நேர்ந்தால் ஊராரை வேலைக்கு இழுக்கவும், வழக்கப்படியான குடிமராமத்துக்கு வர மறுத்தவர் மீது தண்டம் விதிக்கவும் அச்சட்டம் இடங்கொடுத்தது. ஊர்க்கட்டுப்பாடாகவும் பரஸ்பர நன்மையாகவும் நின்ற ஒரு வழக்கம், அதற்குரிய பயனும் அதிகாரமும் ஊரைவிட்டு நீங்கியபின் கடமையை மட்டும் சட்டத்தின் பிரம்பால் தாங்கி நிற்க வேண்டியதாயிற்று. அது நெடுநாள் நில்லாமல் தேய்ந்தது இயல்பே.

பெரிய வேலைகளை இதற்குள் குத்தகைக்காரர் ஏற்றனர். மண் வெட்டுவதையே குலத்தொழிலாகக் கொண்ட ஒட்டர்கள், கல்லுடைக்கும் கல் ஒட்டர், மண் வெட்டும் மண் ஒட்டர் என இரு பிரிவினராய், பெண்டு பிள்ளைகளோடும் கழுதைகளோடும் ஊர் ஊராகச் சென்று வேலை நடக்கும் இடத்திலேயே குடிசை போட்டுத் தங்கினர். கணவன் வெட்ட மனைவி சுமக்க, குழந்தை கரையோரத்து மர நிழலில் தூளியில் உறங்கியது. வேலையைக் குழிக்கணக்கில் அளந்து கூலி கொடுத்தனர். எவ்வளவு ஆழம் வெட்டினர் என்று காட்டுவதற்காகக் குழியின் நடுவே வெட்டாத மண்திட்டு ஒன்றைச் சாட்சியாக விட்டுவைத்தனர். ஒட்டர்கள் தம் வேலையில் கொண்ட பெருமிதத்துக்குக் குறைவில்லை. கண்ணால் பார்த்தே ஒரு மேட்டில் எத்தனை கன அடி மண் இருக்கும் என்று சொல்லத்தக்கவர் அவர்களுள் இருந்தனர். ஆனால் தாம் வெட்டிய ஏரியின் நீரில் அவர்களுக்குப் பங்கில்லை. வேலை முடிந்ததும் அடுத்த ஊரை நோக்கி நடந்தனர்.

மண்வேலையின் கௌரவம் அடியோடு வீழ்ந்த காலம் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சமாகும். சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடும் அப்பஞ்சத்தில், உயிர்தப்ப விரும்பியோர் நிவாரண வேலைக்குச் சென்று மண் சுமக்க வேண்டியிருந்தது. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் வகுத்த திட்டப்படி, ஓர் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசுமே கூலி. அந்த உணவு சிறைக்கைதிகளுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு என்றும், அதை உண்டு ஒருவன் கடும் வேலை செய்து பிழைக்க முடியாது என்றும் மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களுக்குப் பின் கூலி சற்று உயர்ந்தது. அதற்குள் பலருடைய வாழ்வு முடிந்துவிட்டது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ ஐந்து மைல் கால்வாய் அந்தப் பஞ்சகாலக் கைகளால் வெட்டப்பட்டதே. அதற்கு வழங்கிய பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவினுடையது. உதிர்ந்த பிட்டையேனும் வயிறாரக் கொடுத்த வந்தியின் நியாயம், சாம்ராஜ்யம் ஆண்டவர்களின் நியாயத்தைக் காட்டிலும் மேலானதாக இருந்தது.

சுதந்திர இந்தியாவில் அணைகளும் ஆழ்குழாய்க் கிணறுகளும் பெருகிய பின் ஏரி தன் முதன்மையை இழந்தது. நாற்பதாயிரம் அளவில் எண்ணப்படும் தமிழ்நாட்டு ஏரிகளுள் பல, தூரேறியும் ஆக்கிரமிப்புக்கு உள்ளாகியும் சுருங்கின. 2005-இல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ், நூறு நாள் வேலை என்று ஜனங்கள் வழங்கும் திட்டத்தில், கிராமத்துப் பெண்கள் மீண்டும் மண்வெட்டியும் தட்டும் எடுத்து ஏரிக்குள் இறங்கினர். அவர்கள் மரத்தடியில் அமர்ந்து பொழுதுபோக்குவதாகப் பரிகசிப்பது நகரத்தாரிடையே வழக்கமாகிவிட்டது. வெயில் உச்சியில் நிற்கும் வேளையில் அறுபது வயதுப் பாட்டி ஒருத்தி கட்டாந்தரையில் தனக்குக் குறித்த குழியை வெட்டி முடிப்பதை அருகிருந்து பார்த்தவர்கள் அவ்வாறு பேசமாட்டார்கள். ஆடியும் பாடியும் உறங்கியும் வேலையைக் கெடுத்த கூலியாளைக் கடவுள் என்று கும்பிடும் நாம், ஒரு நாழிகை இளைப்பாறும் கூலிக்காரியைச் சோம்பேறி என்பது விசித்திரமே. அத்திட்டத்தின் முக்கியமான குணம் வேலையின் அளவில் மாத்திரம் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, வேலையைக் கேட்டுப் பெறும் உரிமை, கிராம சபையில் கணக்குக் கேட்கும் வாய்ப்பு ஆகியவற்றை அது எழுத்திலேனும் நிலைநாட்டியது. வெட்டியும் அமஞ்சியும் வழங்கிய மண்ணில் இது சாமானியமான மாற்றமன்று.

இப்போது பெரும்பாலான தூரை ராட்சத இயந்திரங்களே வாரிவிடுகின்றன. நூறு பேர் ஒரு வாரத்தில் செய்வதை ஓர் இயந்திரம் ஒரு பகலில் முடிக்கின்றது. மனிதத் தலையில் கூடை ஏறியே தீர வேண்டும் என்று வாதிப்பது, அந்தக் கூடையைத் தம் தலையில் ஏற்றிப் பாராதவர்களின் கற்பனையாகும். உழைப்பின் புனிதத்தைப் பாடிக்கொண்டு உழைப்பாளியின் கழுத்தெலும்பைத் தேயவிடுவதில் தருமம் இல்லை. இயந்திரம் சேற்றைச் சுமக்கட்டும். ஆனால் அதை ஓட்டுகிறவனுக்கும், அது எட்டாத வாய்க்கால் முடுக்குகளில் இன்றும் முழங்கால் சேற்றில் நின்று வெட்டுகிறவனுக்கும் என்ன கூலி, என்ன பாதுகாப்பு, அந்த ஏரியின் காரியத்தில் என்ன குரல் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

கரிகாலனின் சிற்றரசர்களையும் வந்தியின் கூலியாளையும் வேறுபடுத்தியது எது என்று இப்போது கூறலாம். மண்ணும் கூடையும் இருவருக்கும் ஒன்றே. கரையின் சரிவும் ஒன்றே. ஒருவர் ஆணைக்கு அஞ்சிச் சுமந்தார். மற்றவர் தாமே வந்து, தம் கூலியைத் தாமே பேசி, ஒரு கிழவியின் பங்கைத் தம் பங்காக ஏற்றுச் சுமந்தார். சம்மதமும் கூலியும் பங்கும் இருந்த இடங்களில் சேறு நாறியபோதிலும் வேலை நாறவில்லை. அவை பறிபோன இடங்களில் எத்தனை ஸ்தோத்திரம் பாடினாலும் வேலைக்குக் கௌரவம் வரவில்லை. அன்று பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்தது என்பது புராணம். கரை காப்பவனை வஞ்சித்த நாட்டில் ஏரி தூர்ந்து, வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி எல்லாரையும் தாக்குகின்றன என்பது சரித்திரம். மழைக்காலத்தில் தெருவில் நீர் புகும்போதும் கோடையில் குடத்தோடு லாரியை எதிர்பார்த்து நிற்கும்போதும் நாம் செலுத்தும் அபராதம், மண் சுமந்தவர்களுக்கு நாம் கொடுக்காமல் வைத்த கூலியின் பாக்கியே.